யாருக்கு எந்த மருந்து கேட்கும்?

"அந்த மாத்திர எனக்குக் கேக்காதுப்பா" என்று சொல்லாத பெரியவர்களை எங்கள் சீர்காழி வட்டாரத்தில் பார்ப்பது கஷ்டம். ஒரே மாத்திரை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. ஒரே டாக்டர் அண்ணனுக்கு ராசி, தம்பிக்கு ராசியில்லை. படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் பெரிய மருந்து நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பெரும்பணம் கொட்டித் தேடிக்கொண்டிருப்பது இதே கேள்விக்கான பதிலைத்தான். யாருக்கு எந்த மருந்து கேட்கும்? அதை ஊசி போடுவதற்கு முன்பே எப்படிச் சொல்வது?

இந்தக் கட்டுரை ஒரு சின்ன வியாதியை வைத்து அந்தக் கேள்வியின் வரலாற்றைப் பேசுகிறது. வியாதியின் பெயர் மூக்குச் சதை. உயிரைப் பறிக்கிற நோய் இல்லை என்பதால் கதைகளிலும் சினிமாவிலும் அதற்கு இடமில்லை. மூக்கின் இரு பக்கமும் உள்சவ்வு வீங்கி, நுங்குச் சுளை போல வெளிறி வழுவழுப்பாகத் தொங்கும். மூச்சு அடைக்கும். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்க வேண்டும். நெற்றியும் கன்னமும் கனக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாசனை போய்விடும். அதனுடன் ருசியும் போகும். பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்துகொள்ளும்.

நோய் பழையது. சுஸ்ருத சம்ஹிதை இதை மூல நோயின் இனத்தில் சேர்த்து, மூக்கில் வரும் மூலம் என்ற பொருளில் 'நாசார்சஸ்' என்கிறது. கிரேக்கர்கள் பல கால்கள் கொண்ட கடல் பிராணியின் பெயரை வைத்தார்கள். 'பாலிப்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. ஹிப்போகிரேட்டஸ் மரபில் வந்த மருத்துவர்கள் ஒரு கடற்பஞ்சைக் கயிற்றில் கட்டி, மூக்கின் உள்ளிருந்து தொண்டை வழியாக இழுத்துச் சதையைப் பிடுங்கினார்கள். சித்த மருத்துவம் மூக்கடைப்பையும் நீர் வடிதலையும் 'பீனிசம்' என்ற தலைப்பில் பேசுகிறது. எங்கள் வீடுகளில் நொச்சி இலையைப் போட்டு வேது பிடிப்பது அதன் மிச்சம். 1980களில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருந்து பரவிய எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சை வேலையைச் சுத்தமாக்கியது. சதை மீண்டும் வளர்வது மட்டும் நிற்கவில்லை. எடுத்தால் வரும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் சுருங்கும், நிறுத்தினால் மறுபடி வரும்.

ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு ஒரு குற்றவாளியைக் காட்டியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்கு அறிமுகமான ஆள்தான்.

வீட்டுக்கு வீடு ஈஸ்னோபீலியா

1879இல் பால் எர்லிக் என்ற இருபத்தைந்து வயது ஜெர்மானியர் ரத்தத் துளிகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வெள்ளணுக்களின் உள்ளே இருந்த மணிகள் 'இயோசின்' என்ற சாயத்தை மட்டும் ஆசையாகக் குடித்துச் சிவந்தன. கிரேக்கர்களின் விடியல் தேவதை இயோஸின் பெயரால் வந்த சாயம் அது. அந்த அணுவுக்கு இயோசினோஃபில் என்று பெயரிட்டார் எர்லிக்.

அது தமிழில் 'ஈஸ்னோபீலியா' ஆனது எப்படி என்பதற்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது. என் பள்ளிப் பருவத்தில் அந்தச் சொல் தெரியாத வீடே எங்கள் தெருவில் இல்லை. மார்கழிப் பனியில் தும்மினால் ஈஸ்னோபீலியா. போரடிக்கும்போது வைக்கோல் தூசியில் இருமினால் ஈஸ்னோபீலியா. "தயிர் போடாதம்மா, அவனுக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று பந்தியிலேயே பேச்சு வரும். ரத்தப் பரிசோதனைக் கூடத்துச் சீட்டில் 'ஏ.ஈ.சி.' என்ற வரி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இந்த அணு எத்தனை என்ற கணக்கு. ஐந்நூறுக்கு மேல் போனால் ஒரு வெள்ளை மாத்திரை எழுதுவார்கள். ஹெட்ரஸான் என்பார்கள், பெனோசைட் என்பார்கள். இரண்டும் ஒரே மருந்தின் வணிகப் பெயர்கள். யானைக்கால் மருந்து அது. தும்மலுக்கு ஏன் யானைக்கால் மருந்து?

அந்தக் கேள்விக்கான பதில் பழைய மதராஸ் மாகாணத்தில் தொடங்குகிறது.

மதனப்பள்ளி, வேலூர், சென்னை

மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணிபுரிந்த ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருமலோடும் மெலிவோடும் காசநோயாளிகள் போலவே சிலர் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்குக் காசநோய் இல்லை, ரத்தத்தில் இயோசினோஃபில் மட்டும் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார்கள். 1943இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர், இந்தியாவில் பார்த்த 81 நோயாளிகளை வைத்து இதற்கு 'வெப்பமண்டல ஈஸ்னோபீலியா' என்று பெயரிட்டார். அவர் கவனித்த முக்கியமான விஷயம் இன்னொன்று. மேகநோய்க்காகப் போடப்பட்ட ஆர்சனிக் ஊசி, இந்த இருமலையும் நிறுத்திவிட்டது. காரணம் தெரியாது, ஆனால் மருந்து கேட்டது. யாருக்குக் கேட்டதோ அவருக்கு அந்த நோய் என்று வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஆர்சனிக்கின் இடத்தில் ஹெட்ரஸான் வந்தது. 1947இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம் அதை வெளிக்கொண்டுவந்தபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். 1948இல் அவர் இறந்தார். அவர் குழு கண்டுபிடித்த மாத்திரை அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் கிடந்தது.

ஹெட்ரஸான் இந்த இருமலுக்குக் கேட்டதே ஒரு துப்பு ஆனது. யானைக்கால் புழுவைக் கொல்லும் மருந்து நுரையீரல் நோயைக் குணமாக்குகிறது என்றால், நுரையீரலில் இருப்பது அந்தப் புழுவாகத்தானே இருக்க வேண்டும்? சிங்கப்பூர், மலாயாவில் பணியாற்றிய தனராஜ் 1950களின் கடைசியில் இந்தப் பக்கம் வாதத்தை நகர்த்தினார். 1960இல் வேலூர் சி.எம்.சி.யின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டித் திசுக்களில் நுண்புழுக்களையே கண்டு காட்டினார்கள். ரத்தத்தில் தேடினால் கிடைக்காத புழு திசுவில் மாட்டியது. உடம்பு அதைச் சிக்கவைத்து, அதன்மேல் இயோசினோஃபில் படையை ஏவியிருந்தது.

1980களில் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயனும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் வந்த அணுக்களை எண்ணினார்கள். ஏறத்தாழ பாதி இயோசினோஃபில். மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அந்தக் கூட்டம் வடிந்தது. அந்த ஆய்வு 1987இல் வெளியானது. ஆனால் 1990இல் அவர்களே இன்னொன்றையும் சொன்னார்கள். சிகிச்சை முடித்து நாளான பிறகும் சிலருடைய நுரையீரலில் அழற்சி கொஞ்சமாகத் தொடர்கிறது. மருந்து கேட்டதா இல்லையா என்பதற்கு 'ஆம், இல்லை' என்ற இரண்டே பதில்தான் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

தோற்ற மருந்து ஜெயித்த கதை

இனி உலகத்துக்கு வருவோம். இயோசினோஃபிலை வளர்த்துவிடுவது 'இன்டர்லூக்கின்-5' என்ற புரதம். அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் ஒன்றை ஆய்வகத்தில் உயிரணுக்களைக் கொண்டு தயாரித்தார்கள். பெயர் மெபோலிசுமாப். இந்த மாதிரி மருந்துகளைத்தான் 'பயாலஜிக்' என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு 24 ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தபோது ரத்தத்தில் இயோசினோஃபில் சரிந்தது, மூச்சுக்குழல் மட்டும் திருந்தவில்லை. 2007இல் 362 பேரிடம் சோதித்தார்கள். அப்போதும் பலனில்லை. மருந்து செத்துவிட்டது என்றே பலர் முடிவுகட்டினார்கள்.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பரமேஸ்வரன் நாயரும், இங்கிலாந்தின் லெஸ்டரில் பிரணபாசிஸ் ஹல்தாரும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். ஆஸ்துமா என்று சொல்லி வருகிற எல்லோருக்கும் ஏன் போட வேண்டும்? ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் இயோசினோஃபில் குறையாதவர்களை மட்டும் பொறுக்கினால்? நாயரிடம் 20 பேர், ஹல்தாரிடம் 61 பேர். 2009இல் இரண்டு ஆய்வுகளும் ஒரே இதழில் வெளியாயின. ஆஸ்துமா மோசமாகி அல்லாடும் தருணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. மருந்து அதே மருந்துதான், ஆட்களை மட்டும் சரியாகப் பொறுக்கியிருந்தார்கள். 2015இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

மூக்குச் சதையிலும் இதே கதை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கேவார்ட்டும் சகாக்களும் 2006இல், இன்டர்லூக்கின்-5ஐ முடக்கும் இன்னொரு மருந்தை 24 பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூக்குநீரில் அந்தப் புரதம் அதிகமாக இருந்தவர்களுக்குச் சதை சுருங்கியது, குறைவாக இருந்தவர்களுக்கு இல்லை. முன்கூட்டியே சொல்ல முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

2019இல் டுபிலுமாப் வந்தது. இது இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரண்டின் கதவைச் சாத்தும் மருந்து. 276 பேர், 448 பேர் என இரண்டு பெரிய ஆய்வுகள். சதை சுருங்கியது, பலருக்கு வாசனை திரும்பியது. மூக்குச் சதைக்கென்று அமெரிக்கா அனுமதித்த முதல் பயாலஜிக் இதுதான். 2020இல் ஒமலிசுமாப், 2021இல் மெபோலிசுமாப் என்று வரிசை நீண்டது. கடைக்குள் நாலைந்து ஊசி இருக்கும்போது கேள்வி கூர்மையாகிறது. இவருக்கு எது?

ஐரோப்பிய நிபுணர்கள் 2020இல் ஒரு பட்டியல் போட்டார்கள். இருபக்கச் சதை, முன்பே அறுவை சிகிச்சை. அதோடு ஐந்து அடையாளங்களில் மூன்று இருக்க வேண்டும்: அழற்சி இயோசினோஃபில் வகை என்பதற்கான சான்று, ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி தேவைப்படுவது, அன்றாட வாழ்க்கை மோசமாவது, வாசனை இழப்பு, ஆஸ்துமா. முதல் அடையாளத்துக்கு ரத்த இயோசினோஃபில் 250 என்று கோடு போட்டார்கள். 2023இல் அதே கோட்டை 150க்கு இறக்கினார்கள்.

கோடு ஏன் இறங்கியது? அந்த எண் அவ்வளவு நம்பகமாக வழிகாட்டவில்லை என்பது ஒரு காரணம். டுபிலுமாப் ஆய்வுகளில், இயோசினோஃபில் அதிகம் உள்ளவர், குறைவாக உள்ளவர் என்ற பேதமில்லாமல் பலன் தெரிந்தது. அந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் இயோசினோஃபிலைத் தற்காலிகமாக ஏற்றவும் செய்கிறது, மூக்கு மட்டும் தெளிகிறது. இன்னொரு பக்கம், டெக்ஸ்பிராமிபெக்சோல் என்ற மாத்திரையை 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு யாரும் எதிர்பாராதது. சதைக்குள் இருந்த இயோசினோஃபில் 97 சதவீதம் காணாமல் போயிருந்தது. சதையோ அதே அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. எர்லிக் காலம் தொட்டுக் கூண்டில் நின்ற குற்றவாளி, இந்த வழக்கில் கூட்டாளியாக மட்டும் இருக்கலாம் என்று நீதிபதிகள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அத்தையின் மூன்று சீட்டுகள்

சீர்காழிக்குப் பக்கத்து கிராமத்தில் இருக்கிற என் அத்தைக்கு மூக்கில் இரண்டு முறை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "ரசம் கொதிக்கிற வாசன தெரியலப்பா. அடிப்பிடிச்சாக்கூட உங்க மாமா வந்து சொன்னாத்தான் தெரியுது" என்பார். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் பத்து நாள் வாசனை வரும். அந்தப் பத்து நாளும் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொள்வார்.

டாக்டர் ஊசியைப் பற்றிச் சொன்னார். வருஷக் கணக்கில் போட வேண்டியது, ஒரு வருஷச் செலவே லட்சங்களில். மாமாவுக்கு இருக்கிற நிலத்தில் சம்பா நன்றாக விளைந்தாலும் அந்தத் தொகை வராது. அத்தை பிளாஸ்டிக் பையிலிருந்து ரத்தச் சீட்டுகளை எடுத்து என் முன்னால் போட்டார். ஒன்றில் இயோசினோஃபில் 90. இன்னொன்றில் 820. மூன்றாவதில் 430.

"இதுல எதுடா நானு?"

90 என்பது ஸ்டீராய்டு மாத்திரை முடிந்த வாரத்தில் எடுத்தது. ஸ்டீராய்டு இந்த அணுக்களை ரத்தத்திலிருந்து துடைத்துவிடும். அந்த வாரச் சீட்டை மட்டும் பார்த்தால் அத்தை எந்தக் கோட்டையும் தாண்ட மாட்டார். 820 வந்த பிறகு டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்து, சில வாரம் விட்டு எடுத்ததுதான் 430.

டெல்டாவில் முன்கணிப்பு சிக்கலாவது இந்த இடத்தில்தான். நாற்றங்காலில் வெறுங்காலோடு நிற்கிற உடம்பு இது. குடற்புழுவும் யானைக்கால் கொசுவும் தலைமுறைகளாகக் கடித்துப் பழகிய ஊர். புழு இருந்தால் இயோசினோஃபிலும் ஏறும், ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமைப் புரதமும் ஏறும். ஐரோப்பியப் பட்டியல் தேடுகிற இரண்டு ரத்த அடையாளங்களும் இவைதான். கென்ட் நகரத்து நோயாளிக்கு 400 என்றால் அது பெரும்பாலும் மூக்கின் செய்தி. எங்கள் ஊர் அத்தைக்கு 400 என்றால் அதில் மூக்கு எவ்வளவு, குடல் எவ்வளவு?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இயோசினோஃபில் சும்மா உட்கார்ந்திருக்கும் வம்புக்காரன் இல்லை, புழுவுக்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் படைகளில் ஒன்று. புழுத்தொற்று உள்ளவர்களைப் பெரிய ஆய்வுகள் விலக்கியே வைத்தன. மருந்தின் குறிப்புத்தாளிலேயே, புழு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஊசியைத் தொடங்கு என்று எழுதியிருக்கிறது. 2015இலிருந்து பிள்ளைகளுக்குப் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். யானைக்கால் மருந்தும் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. இந்தப் பின்னணி எண்கள் எங்கள் தலைமுறையில் மாறிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மூக்கில் தொங்குவதெல்லாம் ஒரே சதையும் இல்லை. தென் தமிழகத்துச் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கங்களிலும் இலங்கையிலும் குளத்தில் குளிப்பவர்களுக்கு 'ரைனோஸ்போரிடியம்' என்ற நுண்ணுயிரால் செம்புற்றுப்பழம் போலச் சிவந்த, தொட்டால் ரத்தம் வடியும் சதை வரும். அதற்குக் கத்திதான் வழி. ஈரச் சூழலில் பூஞ்சையால் வரும் ஒவ்வாமை சைனஸ் இன்னொரு வகை, அதில் ஐ.ஜி.ஈ. எகிறும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை பூத்த வீடுகளில் மக்கள் மாதக்கணக்கில் மூச்சுவிட்டார்கள்.

ஆசிய மூக்குகளே வேறு என்றும் ஒரு பேச்சு உண்டு. சீனாவில் பல நோயாளிகளின் சதையில் இயோசினோஃபிலைவிட நியூட்ரோஃபில் என்ற அணு மிகுதி என்று கண்டார்கள். பிறகு தாய்லாந்திலும் கொரியாவிலும் பழைய சதைத் துண்டுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, ஒன்றிரண்டு பத்தாண்டுக்குள் இயோசினோஃபில் பங்கு கூடியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் மரபணு மாறாது. ஊர் மாறுகிறது, காற்று மாறுகிறது, உடம்பின் எதிரிகள் மாறுகிறார்கள்.

வாசனையை அளப்பதிலும் இதே கோளாறு. உலகம் முழுக்கப் பயன்படும் பென்சில்வேனியப் பல்கலைக்கழகச் சோதனை அட்டையில் 40 வாசனைகள். அதில் ரூட் பியர் உண்டு, டில் ஊறுகாய் உண்டு. அத்தைக்கு மூக்கு நன்றாக இருந்த காலத்திலும் அவற்றுக்குப் பெயர் சொல்லியிருக்க மாட்டார். பெருங்காயத்தைக் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்.

ஏடும் எண்ணும்

எங்கள் ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் வைத்தீஸ்வரன்கோயில். தெய்வமே வைத்தியர். கோயிலைச் சுற்றி நாடி ஜோதிடக் கடைகள். கட்டைவிரல் ரேகையை வைத்து ஓலைக்கட்டை எடுப்பார்கள். "அப்பா பேர்ல 'ன்' வருமா? கூடப்பிறந்தது ரெண்டா?" என்று கேட்டுக் கேட்டு, இல்லை என்றால் ஏட்டைத் தள்ளி, ஆம் என்றால் நிறுத்தி, உங்கள் ஏட்டுக்கு வருவார்கள். டாக்டரின் பட்டியலும் இப்படித்தான் ஒவ்வொரு கேள்வியாகச் சுருக்கிக்கொண்டு வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், எத்தனை பேருக்குத் தப்பாகச் சொன்னோம் என்ற கணக்கை மருத்துவம் வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில்தான் அதன் மதிப்பு.

இப்போதைக்கு நிபுணர்கள் சொல்லும் வழி எளிமையானது. தகுதியானவருக்கு ஊசியைத் தொடங்கு, 16 வாரத்திலோ ஆறு மாதத்திலோ நிறுத்திப் பார், சதை, வாசனை, ஸ்டீராய்டுத் தேவை, வாழ்க்கை, ஆஸ்துமா என ஐந்தில் எத்தனை திருந்தியது என்று எண்ணு, ஒன்றுமே இல்லையென்றால் மாற்று. அதாவது போட்டுப் பார்ப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான முன்கணிப்பு. வைன்கார்ட்டன் ஆர்சனிக்கை வைத்துச் செய்ததும் அதுவே. காப்பீடு பணம் கட்டும் நாட்டில் இது நியாயமான வழி. எங்கள் பக்கத்தில் அந்தப் பதினாறு வாரத்துக்கு ஒரு குடும்பம் நகையை வைக்க வேண்டும். 'போட்டுப் பார்' என்பதற்கான விலையை இங்கே நோயாளியே கட்டுகிறார் என்பதால், முன்கூட்டியே சொல்லும் ஒரு நல்ல சோதனை பணக்கார நாட்டைவிட இங்கேதான் அவசரம்.

அத்தை மூன்றாவது ஆபரேஷனுக்குச் சம்மதித்தார், அரசு மருத்துவமனையில். தினம் உப்புநீரில் மூக்குக் கழுவுகிறார், ஸ்ப்ரே அடிக்கிறார். "ஊசிய அப்பறம் பாத்துக்கலாம், அதுக்குள்ள வெல எறங்குமா பாப்போம்" என்கிறார். ஆபரேஷன் முடிந்த நாலாம் வாரம் மீன் குழம்பு வாசனை வந்ததாகப் போனில் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலூரில் 1960இல் அந்த மூவரும் ரத்தச் சீட்டோடு நின்றுவிடாமல் நம்மவர்களின் திசுவையே வெட்டிப் பார்த்தார்கள். சென்னையில் விஜயன் நுரையீரலையே கழுவி எண்ணினார். இரண்டு முறையும் வெளியிலிருந்து வந்த எண்களை அப்படியே ஒட்டாமல், இந்த மண்ணின் உடம்பில் அளந்துதான் விடை கிடைத்தது. மூக்குச் சதைக்கும் அந்த வேலை ஆரம்பமாக வேண்டும். ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துண்டில் இயோசினோஃபில் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதலாம். ரத்தம் எடுத்த நாளுக்கும் கடைசி ஸ்டீராய்டு மாத்திரைக்கும் எத்தனை நாள் இடைவெளி, பூச்சி மாத்திரை போட்டதற்கு முன்பா பின்பா என்று சீட்டிலேயே குறிக்கலாம். பெரிய செலவில்லாத வேலைகள் இவை. பத்து வருஷம் அப்படி எழுதி வைத்தால், "இதுல எதுடா நானு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு டாக்டர் கையில் ஏதாவது இருக்கும்.